பின் சக்கரத்தில் எண்ணெய்

அக்காவின் முதல் பிள்ளை மலையிலிருந்து இறங்கும் பாதையிலேயே போய்விட்டது. அன்று தோட்டத்து லொறி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கேகாலைக்குப் போயிருந்தது. அதை ஓட்டிப் போனவர் அவளுடைய கணவர், என் மச்சான். நான்கு பேர், நோவு கண்ட அவளைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியை ஒரு கம்பில் கட்டித் தோளில் போட்டு மூன்று மைல் இறங்கினார்கள். பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். சாயங்காலம் மச்சான் வெறும் லொறியோடு வந்து, விசயத்தைக் கேள்விப்பட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கார் அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓய்வு பெற்றுப் போன பெரிய கிளாக்கருடைய கார் அது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. கறுப்பு நிறம், உருண்டை முதுகு, கதவைச் சாத்தினால் அலுமாரி சாத்துகிற சத்தம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாருக்கும் அதைப் பற்றிப் பொறாமைகூட வரவில்லை. மச்சான் அதை ஏன் வாங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை நாங்கள் யாருடைய வண்டிக்காகவும் காத்திருக்கக் கூடாது.

அந்த அடுத்த முறையும் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள். கரவனெல்ல ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் சொன்னதை யாரும் எங்களுக்குத் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. முதல் நோவு கண்டதும் கொண்டு வந்துவிட வேண்டும். தாமதித்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு, தோட்டப் பாடசாலையில் தொண்டராசிரியராக இருந்தேன். கடிதம் வந்தால் நான் வாசிக்க வேண்டும், மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கார் வந்ததும் காரும் என் பொறுப்பில் சேர்ந்துகொண்டது. மச்சானுக்கு ஓட்டத் தெரியும். தோட்டத்து லொறியில் எது கெட்டாலும் ஸ்டோர் மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்பதால் அடியில் படுத்துப் பழக்கமில்லை. எனக்கோ ஓட்டவும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அந்த வயதில் இருக்கவில்லை.

ரப்பர் மலையில் பிறந்தவர்களுக்கு ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும்போது வாளியின் அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தைச் சிரட்டையில் வடித்து வைத்துக்கொள்வோம். கூரைத் தகரம் ஒழுகினால் பழந்துணியைப் பாலில் முக்கி அடைப்போம். வாளி ஒழுகினால் அதே துணி, அதே பால். செருப்பு, குடை, சைக்கிள் டியூப், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் ஒரு பழுப்பு ஒட்டு இருக்கும். அடைத்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூக்கைத் துடைத்ததை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஆயுத பூசைக்கு முதல் நாள் நான் காரைக் கழுவினேன். மேலே கழுவி முடித்து, அடியிலும் படுத்து, பிரஷ்ஷும் சவர்க்காரமுமாகத் தேய்த்தேன். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கும் ஆக்சில் ஒரு தடித்த இரும்புக் குழாய். நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பி, உள்ளே எண்ணெயில் பற்சக்கரங்கள் ஊறிக்கிடக்கும். அந்தக் குழாயின் மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையால் தடவியபோது ஒரு ஓட்டை தட்டுப்பட்டது. பென்சில் நுழையும் அளவு. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த புழுதி. ஏதோ ஆணி கழன்று விழுந்துவிட்டது, அதன் வழியாக எண்ணெய் கசிகிறது என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சிரட்டையை எடுத்து வந்தேன். துணியைத் திரித்துப் பாலில் முக்கி, ஓட்டைக்குள் திணித்து, மேலே இன்னும் கொஞ்சம் பால் பூசினேன். மறுநாள் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து இடது பின் சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வடிந்திருந்தது.

ருவான்வெல்லைக் கடைத்தெருவின் கோடியில் கராஜ் வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் மெக்கானிக் பாஸ். மச்சான் வயதுதான் இருக்கும். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்துக் காட்டினார். பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் குளித்திருந்தன.

"ஆயில் சீல் போயிட்டு. இந்த எண்ணெய் ஷூவுல பட்டா பிரேக் புடிக்காது. தோசக்கல்லுல கால் வச்ச மாதிரி வழுக்கும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாஸ்டர், அந்தப் பெட்டியில என்ன நம்பர் எழுதியீக்கி, வாசிங்கொ," என்றார்.

நான் வாசித்தேன். சரியான சீல்தான். எண்ணெயைத் தடுக்கும் அந்த ரப்பர் வளையத்தைப் போட்டு, ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். பத்து நாள் ஒரு சொட்டு இல்லை. பிறகு வலது சக்கரம் வடிந்தது. வலதுபக்கச் சீலை மாற்றினோம். ஒரு வாரத்தில் மறுபடி இடது.

"உங்கட காருக்கு என்ன விட்டுட்டு இருக்க ஏலாது போல," என்று நானா முதலில் சிரித்தார். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. ஆக்சிலின் உள் தண்டை உருவி எடுத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். தேய்மானம் இல்லை. பெயாரிங்கைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றினார். சத்தமில்லை. எண்ணெய் அளவும் கூடவில்லை.

"எல்லாம் நல்லா ஈக்கி. பின்ன இந்த எண்ணெய் ஏன் வெளிய வாரண்டுதான் எனக்கு வெளங்கல்ல." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இந்த ஆக்சில்ல வேற யாரும் கை வச்சீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார்.

"இல்ல நானா," என்றேன் நான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளிகூட இல்லாமல் சொன்னேன். துணியும் பாலும் வைத்து அடைப்பதைக் கை வைப்பது என்று நான் நினைக்கவே இல்லை.

அதற்குள் அக்காவுக்கு எட்டாம் மாதம் ஆகியிருந்தது. கால் வீங்கி, செருப்பு போட முடியாமல், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருப்பாள். கார் நின்ற இடத்தில் கறுப்பாய் ஒரு வட்டம் இருக்கும். மழை பெய்தால் அது வாசல் தண்ணீரில் நிறம் நிறமாகப் பரந்து அவள் காலடி வரைக்கும் வரும். அம்மா அதன் மேல் சாம்பல் கொட்டுவாள்.

"அது எண்ண இல்லடி. ஏதோ வேணாங்குது," என்றாள் அம்மா ஒருநாள். "அந்த வண்டியில போக வேணாம். நல்லாப்படல எனக்கு."

"பின்ன எதுல போறது? போன வாட்டி போன மாதிரி கம்பளியிலயா?" என்றாள் அக்கா.

அம்மா சாம்பல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம்தான் போகும்.

ஒரு நாள் மச்சானும் நானும் ருவான்வெல்லையிலிருந்து திரும்பும்போது சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது; அது அடையாள அட்டை இல்லாமல் எங்களைப் போன்ற தமிழர்கள் கக்கூசுக்குக்கூடப் போக யோசித்த காலம். கோலில் கட்டிய கண்ணாடியைக் காருக்கு அடியில் விட்டு இழுத்த பொலிஸ்காரர் பின் சக்கரத்தருகே வெகுநேரம் நின்றார். கடைசியில் நிமிர்ந்து, "மல்லி, தெல் யனவா. பல்லம பஹித்தி பரிஸ்ஸமின்," என்றார். எண்ணெய் போகிறது தம்பி, பள்ளம் இறங்கும்போது கவனம் என்று அந்த மனிதர் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் துப்பாக்கியோடு குனிந்து சொன்னதால் அது எனக்கு மிரட்டல் மாதிரித்தான் கேட்டது.

நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எந்த நாள், எந்த ரோடு, எந்தச் சக்கரம், எவ்வளவு ஈரம். படித்தவன் செய்யக்கூடியது அதுதான் என்று நினைத்தேன். எழுதி வைத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்துக்குள்ளே ஓடிய நாட்களில் கசிவே இல்லை. கீழேயிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் முக்கி ஏறி வந்த நாட்களில் மட்டும்தான் கசிந்தது. இறங்கும்போதும் இல்லை. சூடேறினால் கசிகிறது. ஏன் என்பது மட்டும் தெரியவில்லை. சூட்டில் எண்ணெய் தண்ணீராகிவிடுகிறது என்று மச்சானுக்கு விளக்கம் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். நான் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டுவார். அது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

கார்த்திகை மாதம், பால் வெட்டு நடக்காத மழை நாள் ஒன்று. அந்த வாரம் முழுக்க மச்சான் லீவு போட்டிருந்தார். லொறியை வேறொருவர் கொண்டு போயிருந்தார். மத்தியானம் அவர் கீழே போய்ப் பெட்ரோல் அடித்துக்கொண்டு ஏறி வந்தார். வரும்போதே தலையை வெளியே நீட்டி, "அக்காவுக்கு எப்படி?" என்று கேட்டார்.

"காலையிலயிருந்து இடுப்பு வலிக்குதாம். அம்மா இன்னும் நேரமில்லங்கறாங்க."

"அப்ப ரெடியா வச்சிரு. ஆக்சிலுக்கு ஆயில் கொறஞ்சிருக்கும், பாத்து ஊத்து மாப்ள."

எண்ணெய் அளவை அதுவரை எப்போதும் காலையில், இரும்பு குளிர்ந்திருக்கும்போதுதான் பார்த்திருந்தேன். அன்று முதல் முறையாகச் சுடச்சுட அடியில் படுத்தேன். ஆக்சில் உப்பலின் பின்பக்கத்தில் எண்ணெய் ஊற்றுவதற்கென்று ஒரு மூடி உண்டு. ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுத் திருப்பினேன். உஸ்ஸென்று சீறிற்று. சோடாப் போத்தல் மாதிரி. மூடி கையை விட்டுத் துள்ளி, சூடான எண்ணெய் என் கன்னத்திலும் கழுத்திலும் தெறித்தது.

எரிச்சலைக்கூட உணராமல் அப்படியே கிடந்தேன். உள்ளே காற்று அடைந்திருந்தது. சூடேறச் சூடேறக் காற்று பெருத்து, போக வழியில்லாமல், எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ளியிருக்கிறது. ஓ.எல். வகுப்பில் வாயுக்களைப் பற்றி நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். காற்று போகவும் வரவும் ஒரு வழி இருந்திருக்க வேண்டுமே என்று யோசித்த அந்தக் கணத்தில் என் கை தானாகவே ஆக்சிலின் மேல்பக்கம் போனது.

துணி இருந்தது. பால் எண்ணெயில் ஊறிப் பருத்து, அட்டைப்பூச்சி மாதிரி மெத்தென்று, ஓட்டையை இறுகக் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். நீளமாக வந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். இடுப்பு வலிக்காகக் கத்துகிறவள் மாதிரி இல்லை. அம்மா வாசலுக்கு ஓடி வந்து, "தண்ணி ஒடஞ்சிருச்சு. வண்டிய எடுங்க, எடுங்க," என்றாள்.

மச்சான் உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் எண்ணெய் முகத்தோடு எழுந்து நின்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். கோளாறு பிடிபட்டுவிட்டது, இனிமேல் கசியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் அவர் போன வாரம் கழுவி மாட்டிய பிரேக்கை நம்பி அந்தப் பாதையில் இறங்குவார். இப்போதுதான் மூன்று மைல் ஏறி வந்த வண்டி அது. இரண்டு டிரம்முக்குள்ளும் எண்ணெய் நின்றுகொண்டிருக்கும்.

"மச்சான், பின் பிரேக் ரெண்டும் இருக்காது. ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூதான், அதுவும் புடிக்காது." துணியைக் காட்டினேன். "ஆக்சில் மூச்சு விடுற ஓட்டைய நான்தான் பால் வச்சு அடைச்சிருக்கேன். பூசைக்கு முந்தி. இப்பதான் தெரிஞ்சது."

அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்கா அவர் கையில் நெளிந்துகொண்டிருந்தாள்.

"தூக்கிட்டே போயிருவோம்," என்றாள் அம்மா. "ஆளுங்களக் கூப்பிடுறேன்."

"வேணாம்!" என்று அக்கா அலறினாள். "என்னத் தூக்க வேணாம். வண்டியில ஏத்துங்க."

மச்சான் அவளைப் பின் சீட்டில் கிடத்தினார். அம்மா ஏறிக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பாமலே, "லொறிக் கொட்டகையில முட்டுக்கட்டை இருக்கு, எடுத்துட்டு வா. மூடிய இறுக்கிட்டு வா," என்றார்.

பாதையில் ஊசி போல மடியும் மூன்று கொண்டை முடக்குகள் உண்டு. அந்த நீளக் கார் ஒரே வீச்சில் திரும்பாது. பாதி திருப்பி, நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்ப வேண்டும். கீழே ரப்பர் மரங்கள் ஒன்றின் தலைக்குக் கீழே ஒன்றாக ஆறு வரைக்கும் இறங்கிப் போகும். ஹேண்ட் பிரேக் இல்லாமல் அந்த இடத்தில் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த கணமே அது முன்னால்தான் போகும்.

முதலாம் கியரில் கார் நடந்து இறங்கியது. நானும் பக்கத்திலேயே மழையில் நடந்தேன், தோளில் கட்டையோடு. எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு முறை மச்சான் பிரேக்கை மிதிக்கும்போதும் முன் சக்கரங்கள் மட்டும் கிறீச்சிட்டன, பின்பக்கத்திலிருந்து தீய்ந்த எண்ணெய் வாடை வந்தது.

முதலாம் முடக்கில் முன் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்தேன். வண்டி அதன் மேல் சாய்ந்து, ஒரு விரற்கடை ஏறி, நின்றது. மச்சான் பின்னால் எடுத்தார். நான் கட்டையை உருவினேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "எங்க அவன்? நனையுறானா? ஏத்திக்கங்க அவன."

"நனையட்டும்," என்றார் மச்சான்.

இரண்டாம் முடக்கில் கட்டை சேற்றில் வழுக்கியது. சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் போனது. நான் கட்டையின் பின்னால் முழங்காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு ஆள் தோளால் அந்தக் கார் நிற்காது என்று எனக்குத் தெரியும். கட்டை ஒரு கல்லில் முட்டியதால் நின்றது. அந்தக் கல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிப்பேன், அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். உள்ளே அக்காவின் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன முறை அவளைச் சுமந்தவர்களும் இதே முடக்கில்தான் அந்த மௌனத்தைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் முடக்கில் மச்சான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார். குதிப்பதற்கு அல்ல, என் கையை நேராகப் பார்ப்பதற்கு. கட்டை பிடித்தது.

பெரிய ரோடு தட்டையாக இருந்தது. நான் கதவில் கை வைத்தேன். "நீ ஏறாத. பாரம் கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மழைக்குள் அந்தக் கறுப்பு முதுகு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டே ஏறினேன். கொண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், டிக்கட் மட்டும் கிழித்துக் கொடுத்தான்.

கரவனெல்ல ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அன்று வெறும் லொறியில் உட்கார்ந்திருந்த அதே இருப்பு.

"பொம்பளப் புள்ள," என்றார். "அழுதுச்சு. அக்காவுக்கு ரத்தம் ஏத்துறாங்க. இன்னும் ஒன்னும் சொல்லல."

இரண்டு நாள் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். உள்ளே போகுமுன் மச்சான், "நீயே சொல்லிரு அவகிட்ட. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்," என்றார்.

சொன்னேன். அக்கா வெளுத்துப் போயிருந்தாள். குழந்தை அவள் கக்கத்தில் சுருண்டு கிடந்தது.

"ஒரு வார்த்த யாரயாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னே தோணலக்கா."

"தோணாது." அவள் குழந்தையின் முகத்துணியை இழுத்துவிட்டாள். "எங்களுக்கும் உன்னக் கேள்வி கேக்கணும்னு தோணல பாரு. அன்னைக்கு நீ சொன்னது அம்மா காதுல ஏறல, இனியும் சொல்லிறாத. அதுக்குப் படிச்ச புள்ள நீ ஒருத்தன்தான்," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கீழே மச்சான் காரை ஒரு மரத்தடியில் ஜாக்கில் ஏற்றி நிறுத்தி, பின் டிரம்கள் இரண்டையும் கழற்றியிருந்தார். ஷூக்களைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் போ என்று சொல்லவில்லை. ஒரு ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேற எங்கயாச்சும் அடைச்சு வச்சிருக்கியா?"

நானாவிடம் யோசிக்காமல் சொன்ன 'இல்ல' நினைவுக்கு வந்தது. காரின் முன்பக்கத்திலிருந்து தொடங்கி, நான் தொட்ட இடங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் தடவிப் பார்த்தேன். அவர் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.